பாதி மாத்திரை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பஸ் கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு முன்பு கொடுத்த டைரி இது. சும்மா கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் தாராளமாக எழுதலாம். புது டைரிக்கு யார் தண்டம் அழுவது.

இன்று ஆடிப்பெருக்கு. அமராவதியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. வீட்டுக்காரி தனபாக்கியம் தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம் என்று கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கரையில் உட்கார்ந்து நான் தட்டு நிறையப் போட்டுக்கொண்டேன். சர்க்கரை வியாதிக்காரன் இப்படிச் சாப்பிடலாமா என்று சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. அவள் இரண்டு கை சோறுதான் சாப்பிட்டாள். தண்ணீரை மட்டும் சொம்பைக் கவிழ்த்தபடி குடித்துக்கொண்டே இருந்தாள். வெயில் அப்படி.

போன வாரம் பக்கத்து வீட்டுச் செல்லாமணியுடன் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச மருத்துவ முகாமுக்குப் போய் வந்தாள். என்ன சொன்னார்கள் என்று அப்போதே கேட்க மறந்துவிட்டேன். இன்று கேட்டேன்.

"எனக்கென்னுங்க? கல்லாட்டம் இருக்கறனாம்" என்றாள்.

சந்தோஷம். வீட்டில் ஒருத்தராவது மருந்துக் கடைக்குக் கப்பம் கட்டாமல் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜாபரின் மருந்துக் கடைக்குப் போனேன். என் சர்க்கரை மாத்திரை மறுபடியும் விலை ஏறியிருக்கிறது.

"ஏப்பா ஜாபர், போன மாசத்து விலை என்ன, இந்த மாசத்து விலை என்ன? டீசலாப்பா இது?"

"செக்கரண்ணா, நானா ஏத்துனேன்? கம்பெனிக்காரன் அட்டையிலயே அடிச்சு அனுப்பறான். பாருங்க."

முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவன் நான். அச்சடித்த விலையைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். கொடுத்துவிட்டு வந்தேன்.

கம்பெனியில் பென்ஷன் கிடையாது. மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று போன வருஷம் ஓர் ஏஜெண்டைக் கேட்டேன். வயசைக் கேட்டான், சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டான், பிறகு ஒரு தொகை சொன்னான். அவ்வளவு பணம் கையில் இருந்தால் மாத்திரையையே வாங்கித் தின்றுவிட்டுப் போவேனே.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள் என்று தனம் இரண்டு தடவை ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் வெட்டிவிட்டேன். தாராபுரத்தில் என்னைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. நான் பிடித்துக் கொடுத்து சஸ்பெண்ட் ஆனவர்களே பாதிப் பேர் அந்த வரிசையில் நிற்பார்கள். அங்கே போய்ச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதா? நம் வீட்டு ஆள் யாரும் அந்த வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒரு யோசனை செய்தேன். மாத்திரை பெரிசாக இருக்கிறது. இதில் பாதியே போதாதா? பவரைக் கூட்டிக் கூட்டி எழுதுவது டாக்டர்களின் வழக்கம். பாதி போட்டுக்கொண்டு, கொஞ்சம் அதிகமாக நடந்தால் சரியாகிவிடும். ஒரு மாதத்து மாத்திரை இரண்டு மாதம் வரும்.

டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஃபீஸ்.

தனம் கோவிலுக்குப் போன நேரத்தில் ஷேவிங் பிளேடை வைத்து எல்லா மாத்திரையையும் நறுக்கினேன். முதல் இரண்டு உதிர்ந்து மாவாகிவிட்டது. பிறகு கை வந்துவிட்டது. ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சாமி அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்தேன். காலையில் கும்பிடும்போதே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், மறக்காது. தனத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கோயமுத்தூரில் இருக்கும் மகள் கோகிலாவுக்குப் போன் போட்டு ஊரைக் கூட்டிவிடுவாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒன்றும் ஆகவில்லை. கிறுகிறுப்பு இல்லை, மயக்கம் இல்லை. சொன்னேனா இல்லையா.

தனம் காப்பியில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டாள். "பெருமாளுக்கு வேண்டிக்கிட்டனுங்க, சக்கரைய உட்டர்றேன்னு" என்றாள். எதற்கு வேண்டுதல் என்று கேட்டதற்கு, சொன்னால் பலிக்காதாம். ரேஷன் சர்க்கரை மிச்சம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கணக்கு இடிக்கிறது.

டப்பாவைத் திறந்து பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் கிடக்கிறது. இந்நேரம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன். கீழே கொட்டியிருக்கிறதா என்று அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு திருநீற்றுப் பொட்டலமும் செத்த கரப்பானும்தான்.

பஸ்ஸில் ஆளும் டிக்கெட்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று டிக்கெட் குறைவாகக் கிழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் ஒன்று கூட ஏறியிருக்க வேண்டும். இங்கே ஏறியது நான் ஒருவன்தான். ஆகவே ஜாபர்தான் குறைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

ஜாபரிடம் கேட்டேன். சிரிக்கிறான்.

"அண்ணா, அட்டை சீல் போட்டு வருது. நடுவுல ஒண்ணை எடுத்துத் தின்னுட்டு மறுபடி ஒட்ட எனக்கு என்ன மந்திரமா தெரியும்?"

வாஸ்தவம்தான். நறுக்கும்போது நானே எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கினேன். ஓர் ஓட்டைகூடக் காலியாக இல்லை.

மறுபடி வாங்கி, மறுபடி நறுக்கினேன். இனிமேல் காலையில் போட்டவுடன் நாள்காட்டித் தாளில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. போட்டேனா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

போட்டேன். குறியும் போட்டாயிற்று.

செப்டம்பர் 12, வெள்ளி

குறி நாளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. மாத்திரை அதைவிட வேகமாகக் குறைகிறது. நான் காலையில் ஒன்று போட்டு, குறியும் போட்டுவிட்டு, பிறகு அது நினைவே இல்லாமல் இன்னொன்றையும் போட்டுக்கொள்கிறேன் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இதை எழுதவே பயமாக இருக்கிறது. என் அண்ணன் கருப்பண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாது. பிறகு சாப்பிட்டது தெரியாது. கடைசியில் ஒரு நாள் தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டு, தாராபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "கண்டக்டரா?" என்றார்.

தனத்திடம் எப்படிச் சொல்வது? மாத்திரையை நறுக்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் சொல்லவில்லை.

அவளுக்குக் காலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டரிடம் போனேன். சர்க்கரை ஏகமாக ஏறியிருக்கிறதாம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். பொய்யில்லை, எப்படிச் சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதிவிட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று யோசித்தேன். நான் மறதியில் இரண்டு பாதி போட்டுக்கொள்கிறேன் என்றால் அது முழு மாத்திரை. முழு மாத்திரை போட்டால் சர்க்கரை முன்பு போல இருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. அப்படியானால் ஒரு பாதிதான் போடுகிறேன். ஒரு பாதிதான் போடுகிறேன் என்றால் டப்பா ஏன் காலியாகிறது? இதை மூன்று தடவை யோசித்தேன். மூன்று தடவையும் ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றேன். யோசிக்கவும் முடியாமல் போய்விட்டதோ என்று அதற்கு வேறு பயம்.

ஜாபர் புதுச் சீட்டைப் பார்த்து, விலையைச் சொல்லத் தயங்கினான். பிறகு, "அண்ணா, இதே மருந்து வேற பேர்ல ரொம்ப மலிவா வருது. கம்பெனி பேருக்குத்தான் இந்த விலை. டாக்டர்கிட்ட மருந்தோட பேரையே எழுதித் தரச் சொல்லுங்க. உள்ள இருக்கறது ஒண்ணுதான்" என்றான்.

"உள்ள ஒண்ணுதான்னா விலை எப்படிப்பா கால்வாசி ஆகும்? சுண்ணாம்பா?" என்றேன்.

அவன் தன் வியாபாரத்தையே குறைத்துக்கொண்டு ஏன் சொல்ல வேண்டும்? இதுவும் புரியவில்லை. எதையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. தனம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் பெருமாளுக்குத் தளிகை போட்ட பிறகுதான் சாப்பாடு. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான்.

மத்தியானம் மாவு ஆட்டும்போது கை நடுங்குகிறது என்றாள். முகம் வேர்த்திருந்தது. "வயசாச்சு புள்ள, பெருமாளே பசியோட இருன்னு சொல்லல" என்றேன். ஒரு சொட்டுத் துளசித் தீர்த்தம் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் சாப்பிட்டதும் தெளிந்துவிட்டாள்.

நான் காலையில் மாத்திரை போட்டேன். குறி இருக்கிறது. போட்ட ஞாபகமும் இருக்கிறது. ஆனால் அண்ணனும் இப்படித்தான் அடித்துச் சொல்வார்.

செப்டம்பர் 24, புதன்

கோகிலா போனில் பேசினாள். "அப்பா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். அவள் பெயரை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

தனம் ஆஸ்பத்திரியில். எழுத முடியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எது முன்னால் எது பின்னால் என்று எனக்கே தெரியும்.

நேற்று இரண்டாம் சனி. மறுபடி விரதம். மத்தியானம் சமையல்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருக்கிறது. பேச்சு குழறுகிறது. "பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்றாள். அண்ணனின் குரல் அது.

செல்லாமணி சத்தம் போட்டு ஆட்டோ பிடித்தாள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான் பக்கம். எந்த வாசற்படி, யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

விரலில் குத்திப் பார்த்துவிட்டு, உடனே கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் போட்டார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. "இவங்க என்ன சுகர் மாத்திரை சாப்பிடறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இவளுக்குச் சுகர் இல்லீங்க. எனக்குத்தானுங்க சுகர்."

"ஐயா, சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கியிருக்கு. மாத்திரை எடுக்காதவங்களுக்கு வெறும் விரதத்துல இவ்வளவு இறங்காது."

"முகாம்லயே பார்த்து, கல்லாட்டம் இருக்கறாள்னு சொல்லிட்டாங்க. நீங்க வேற யாரோடதையோ பார்த்துட்டுச் சொல்றீங்க."

நர்ஸிடமும் கத்தினேன். என் வாய்க்குப் பழைய பழக்கம், யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் தனம் கண்ணைத் திறந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைங்ககிட்ட எதுக்குங்க சண்டை போடறீங்க? நாந்தான் தின்னேன்."

"எதை?"

"சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தீங்கள்ல. அந்தப் பாதி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். அன்றைக்கு முகாமில் அவளுக்கும் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்களாம். நான் நறுக்கி வைத்த இரண்டொரு நாளிலேயே பெருமாள் படத்தைத் துடைக்கும்போது டப்பாவைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் பாதி பாதியாகக் கிடந்திருக்கிறது.

"டாக்டரு உங்களுக்குப் பாதியாக் கொறச்சுட்டாராட்டம் இருக்குதுன்னு நெனச்சனுங்க. மீதி பாதி வீணாத்தான போகும்? எனக்கும் அதே நோவுதான. அதான், வெளக்குப் போடறப்ப ஒண்ணு எடுத்துக்குவேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"என்னத்தைச் சொல்றது? ஒருத்தருக்கு வாங்கறதுக்கே அந்தப் பொலம்பு பொலம்பறீங்க. ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னும் சொல்லிப்போட்டீங்க. நான் எங்கீங்க போவேன்?"

உள்ளதை எழுதுகிறேன். அவள் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் தலை கெடவில்லை, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்ற சந்தோஷம். கட்டிய மனைவி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் உள்ளுக்குள் சிரிக்கிறேன். அது ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு அவள் கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. நர்ஸ் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

டாக்டரம்மாவிடம் நறுக்கிய கதையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். "ஐயா, எந்த மாத்திரையா இருந்தாலும் கேக்காம உடைக்காதீங்க. அதுலயும் இது உடைக்கிற மாத்திரையே இல்ல. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கரையற மாதிரி செஞ்சிருக்காங்க. உடைச்சா அந்தக் கணக்கெல்லாம் கெட்டுப் போயிரும். உங்களுக்குப் பத்தாம சர்க்கரை ஏறியிருக்கு. அம்மா அதைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடாம இருந்ததுல இறங்கியிருக்கு."

ஒரே மாத்திரை. ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. இப்போதும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் கூட ஏறிய ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் செக்கர், சொந்த வீட்டில் பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

தனம் வீட்டுக்கு வந்தாள். கோகிலா வந்திருக்கிறாள். இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுகிறாள். தனம் திட்டு வாங்கிக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைக்கிறாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்கும் நாள். இரண்டு பேரும் போனோம். ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு கடைசியில் போய் நின்றேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தால், முன்னால் இருந்த ஆள் திரும்பினான். சென்னியப்பன். பழனி வண்டியில் கண்டக்டராக இருந்தவன். நான் பிடித்துக் கொடுத்து மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தவன்.

"அட, செக்கர் ஐயாவா!" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். காது மடல் சுட்டது எனக்கு. "வாங்க, எம் முன்னால வந்து நில்லுங்க. இங்கெல்லாம் டிக்கெட் இல்லாமயே ஏறலாமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். முன்னால் நிற்க மாட்டேன் என்று சொல்லி அவன் பின்னாலேயே நின்றேன். எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்த ஜன்னலில் வேகமாகக் கொடுப்பார்கள் என்று எல்லாம் சொன்னான். வேலையில் இருந்தபோது அவனிடம் கடுகடுவென்று இல்லாமல் இரண்டு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை.

கொடுத்த மாத்திரையின் நிறம் வேறு, பெயரும் வேறு. திரும்பி வருகிற வழியில் ஜாபரிடம் காட்டினேன். சீட்டையும் அட்டையையும் வைத்துப் பார்த்தான்.

"இதைத்தாண்ணா அன்னைக்கே சொன்னேன். மருந்து அதேதான். பழசு மிச்சம் இருந்தா அதையும் சேர்த்துப் போட்டுராதீங்க, ரெண்டும் ஒண்ணு. வீட்டுல இருக்கற பாதியெல்லாம் தூக்கிப் போடுங்க."

"உனக்கு இதுல என்னப்பா லாபம்?" என்று கேட்டேவிட்டேன்.

"லாபமா? உங்க கூட மாசா மாசம் சண்டை போடற வேலை மிச்சம்ணா."

தனத்தின் மாத்திரை வேறு, என் மாத்திரை வேறு, அளவும் வேறு. தனித்தனி டப்பா. கோகிலா மூடியில் எங்கள் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள். பாதிகளை மண்ணில் புதைத்துவிட்டேன். காசு என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை, அவள் வேர்த்துக் கிடந்த முகத்தை நினைத்தால் கேட்கிறது.

அக்டோபர் 8, புதன்

காலையில் சமையல்கட்டுக்குள் போனேன். தனம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவாள். கல்லில் ஒட்டிக் கிழிந்தது, கடைசி மாவில் ஊற்றியது, நான் பாதி வைத்துவிட்டுப் போனது, இதெல்லாம்தான் அவள் தட்டுக்குப் போகும். இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

அந்த மீதியைச் சாப்பிடுகிற பழக்கத்தில்தான் மாத்திரையையும் எடுத்திருக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை.

கரண்டியை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னேன். "உங்களுக்கு வராதுங்க, கல்லைத் தீய்ச்சுருவீங்க" என்றாள். கொஞ்சம் தீயத்தான் செய்தது. இரண்டாவது நன்றாக வந்தது. அதை எடுத்து அவள் தட்டில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு நடுவில் பிய்த்து, ஒரு பாதியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். கை தன்னால் செய்தது. நான் அதை எடுத்து மறுபடி அவள் தட்டிலேயே வைத்தேன்.

"முழுசாச் சாப்பிடு புள்ள."

"எதைங்க? தோசையவா, மாத்திரையவா?"

"ரெண்டையும்" என்றேன்.